மேற்கே போன வள்ளங்கள்: தேங்காய்ப்பட்டணக் கரையின் கடலோடி வரலாறு

தேங்காய்ப்பட்டணம் குழித்துறை ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தின் கிழக்குக் கரையில் உள்ள பழைய துறை. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடித் தாமிரபரணி என்ற பெயரோடு குழித்துறை வழியாக இறங்கி இங்கே கடலைத் தொடுகின்றன. ஆற்றுக்கு மறுகரை இரயுமன்துறை. அங்கிருந்து வடமேற்கே பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. நீரோடியைத் தாண்டினால் கேரளம். மற்றப் பக்கம் முள்ளூர்துறை, இராமன்துறை, இனயம் என்று கரை குளச்சல் நோக்கிப் போகிறது. தமிழ்நாட்டின் நீண்ட கடற்கரையில், கன்னியாகுமரிக்கும் நீரோடிக்கும் நடுவே உள்ள இந்தச் சிறு துண்டுதான் மேற்குக் கடலைப் பார்த்து நிற்கிறது.

ஊரின் பெயரிலேயே அதன் பழைய சரக்கு இருக்கிறது. தேங்காய், கொப்பரை, கதம்பல் எனப்படும் தேங்காய் மட்டையை ஆற்றோரம் அழுகப்போட்டுத் திரித்த கயிறு ஆகியவை வள்ளமேறிப் போன துறை இது. இக்கயிறு வெறும் விற்பனைப் பண்டமாக இருக்கவில்லை. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கலங்களே அரபிக்கடலில் நெடுங்காலம் ஓடின. கயிறு இல்லாமல் கலமில்லை. கரையில் வாழ்ந்தவர்கள் இரு வகையினர்: சரக்கு அனுப்பிய முஸ்லிம் வணிகர்கள், கடலில் இறங்கிய முக்குவர்கள். இருவருக்கும் பிழைப்பு மேற்கேதான் இருந்தது. ஆனால் இருவரும் மேற்கே போன காலங்கள் வேறு. வணிகர்களின் மேற்குக் கடல் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சுருங்கியது. அது ஏறக்குறைய மூடிப்போன பிறகே மீனவர்களின் மேற்கு விரியத் தொடங்கியது.

தமிழ் அரசுகளுக்கும் இது எல்லைப் பகுதியாகவே இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதி ஆய் அரசர்களின் கையில். விழிஞம் அவர்களுடைய துறைமுகம். தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்திலேயே உள்ள முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, ஆய் அரசன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் திருமால் கோயில் எழுப்பினான். கோயிலோடு சேர்ந்து, காந்தளூர்ச் சாலையின் முறைப்படி 95 மாணவர்களுக்கு உணவும் கல்வியும் அளிக்கும் சாலையும் அமைந்தது. இதைச் சொல்லும் செப்பேடு கிடைத்திருக்கிறது. பார்த்திவபுரம் கோயில் இன்றும் நிற்கிறது.

நூறாண்டு கழித்துச் சோழர் வந்தனர். காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததாக முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி பெருமை பேசுகிறது. அந்தக் ‘கலம்’ கப்பலா, சாலை மாணவரின் உண்கலமா என்று ஆய்வாளர்கள் பல தலைமுறையாக வாதிட்டு வருகிறார்கள். கப்பல் என்று கொள்வோருக்கு அது கடற்படை அழிப்பு. உண்கலம் என்று கொள்வோருக்கு அது உணவு உரிமைத் திருத்தம். எது சரியானாலும், தஞ்சாவூரிலிருந்து புறப்பட்ட படை இந்தக் கரை வரை வரக் காரணம் உண்டு. மேற்குக் கடலுக்கான வாசல்களில் ஒன்று விழிஞத்தில் இருந்தது.

அந்த வாசல் வழியே வந்தவர்களைப் பற்றிய உறுதியான சான்று வடக்கே கொல்லத்தில் கிடைக்கிறது. 849இல் வேணாட்டுத் தலைவன் அய்யனடிகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களுக்கு உரிமைகள் தரப்பட்டன. சாட்சிகள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். அஞ்சுவண்ணம் என்ற அந்தப் பெயர் இன்றும் தக்கலையில் ஒரு தெருவுக்கும் முஸ்லிம் சங்கத்துக்கும் வழங்குகிறது. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு வணிகக் குழுவின் பெயர், செப்பேட்டில் உறைந்துபோகாமல் கடிதத் தலைப்பில் அச்சாகிக்கொண்டிருப்பது இந்த மாவட்டத்தின் சிறப்புகளில் ஒன்று.

தேங்காய்ப்பட்டணத்தின் கருங்கல் பள்ளிவாசலை ஊர் மரபு மாலிக் இப்னு தீனாரோடு சேர்த்துச் சொல்கிறது. அரபு நாட்டிலிருந்து வந்து மலபார் கரையில் பள்ளிகள் எழுப்பிய குழுவின் தலைவர் அவர் என்பது கேரளக் கரை முழுவதும் வழங்கும் கதை. அக்கதையின் பழைய பட்டியல்களில் தெற்கே கடைசியாக வருவது கொல்லம். தேங்காய்ப்பட்டணத்தார் அதை இன்னும் தெற்கே நீட்டித் தங்கள் ஊரையும் சேர்த்துக்கொண்டார்கள். கதையின் காலக் கணக்கை விட்டுவிட்டாலும் கட்டடமே பேசும். தூண்களும் உத்தரங்களும் கோயில் வேலை தெரிந்த தச்சரின் கைவண்ணம். தொழும் திசை மேற்கு. வந்த மதமும் இருந்த கட்டடக் கலையும் ஒரே கூரையின்கீழ் இணைந்தது வாளால் நடந்ததல்ல, வணிகத்தால் நடந்தது.

அக்கால வணிகப் பயணத்தின் நாட்காட்டியைக் காற்றே எழுதியது. வடகிழக்குப் பருவக்காற்று நிலைகொண்ட பிறகு, கார்த்திகை, மார்கழி வாக்கில் கலங்கள் கரையை விட்டுப் புறப்பட்டு அரேபியாவுக்குச் சென்றன. காற்றுத் திரும்பும்வரை அங்கே தங்கினர். தென்மேற்குப் பருவத்தின் கடுமை தொடங்குமுன்போ தணிந்த பின்போ திரும்பினர். ஆனி, ஆடியில் துறைகள் மூடிக் கிடந்தன. ஆகவே அயல்துறையில் மாதக்கணக்கில் தங்குவது விருப்பத்தைப் பொறுத்ததல்ல, கட்டாயம். அரேபியாவிலிருந்து வந்தவர்கள் இங்கே மணம் முடித்ததும், மலபார்க் கரையில் அரபு வேர்கொண்ட குடும்பங்கள் வளர்ந்ததும் இந்தக் காத்திருப்பின் விளைவுகளே. 1340களில் கொல்லத்துக்கு வந்த இப்னு பதூதா அங்கு செல்வச் செழிப்புள்ள முஸ்லிம் வணிகர்களைக் கண்டு எழுதியிருக்கிறார்.

போர்த்துக்கீசியர் வந்ததும் இந்த ஒழுங்கு குலைந்தது. 1503இல் கொல்லத்தில் பண்டகசாலை வைத்த அவர்கள், தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத கலங்களைக் கடலில் மறித்துப் பிடித்தனர். முஸ்லிம் வணிகர்களின் மேற்குக் கடல்மீது விழுந்த முதல் பூட்டு அதுதான். அதே போர்த்துக்கீசியரின் நிழலில் மீனவர்களின் வாழ்வு வேறு திசையில் திரும்பியது. 1544ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையோர முக்குவ ஊர்களில் நடந்து திருமுழுக்குக் கொடுத்தார். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். அடுத்தடுத்த ஊர்களில் பள்ளிவாசலும் தேவாலயமும் எழுந்து நிற்கும் கரைக்காட்சி உருவானது இந்தக் காலத்தில்தான்.

1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர் போர்த்துக்கீசியரின் இடத்துக்கு வந்தனர். மிளகுக்காக அவர்கள் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவோடு மோதிய கதையில் தேங்காய்ப்பட்டணமும் அடிபட்டது. இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கி, தேங்காய்ப்பட்டணம், மிடாலம், கடியபட்டணம் முதலிய கரையூர்களைத் தாக்கிக் கொடுமை செய்ததைத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. 1741 ஆகஸ்டில் அந்தப் படை குளச்சலில் சரணடைந்தது. கரை நெடுக முக்குவர்கள் துடுப்புகளைத் துப்பாக்கிபோல் தோளில் சாய்த்து நின்று டச்சுக் கப்பல்களை ஏமாற்றியதாக ஒரு வாய்மொழி வழக்கு உண்டு. பிடிபட்டவர்களில் ஒருவரான டிலன்னாய் திருவிதாங்கூரின் படைத்தலைவராகி, உதயகிரிக் கோட்டையில் 1777இல் இறந்தார்.

குளச்சல் வெற்றி நாட்டுக்குப் பெருமை. தனி வணிகர்களுக்கு அது அவ்வளவு நல்ல செய்தியாக அமையவில்லை. வென்ற அரசரே அடுத்த சில ஆண்டுகளில் மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். அது நீக்கப்பட்டது 1860இல்தான். நடுவே 1762இல் ஆலப்புழைத் துறைமுகம் திறந்தது. சரக்கு அங்கே இழுக்கப்பட்டது. பொழிமுகத் துறைகள் ஆழமில்லாதவை. நீராவிக் கப்பல்கள் வந்தபோது அவை கண்டுகொள்ளப்படவில்லை. 1860 வாக்கில் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் பூவாற்றிலிருந்து தேங்காய்ப்பட்டணப் பொழியைக் கடந்து குளச்சல் பக்கம் வரை வந்தது. பத்மநாபனின் பெயர், இங்கிலாந்து அரசியின் பெயர், மகாராஜாவின் பெயர் மூன்றையும் ஒரே ஓடையில் கட்டிய அந்தக் கால்வாய் திட்டமிட்டபடி கன்னியாகுமரி வரை போய்ச் சேரவே இல்லை. அது சரக்கைக் கடலுக்கு அனுப்புவதை விடக் கரையோரமாகவே நகர்த்தியது.

இப்படி மேற்கு அடைபட்டதும் தேங்காய்ப்பட்டணத்து வணிகம் தெற்கே கொழும்பை நோக்கித் திரும்பியது. போனவை கருவாடும், சுறாவின் துடுப்பான பீலியும். மீனவர் பிடித்ததை வணிகர் வாங்கி, உப்பிட்டுக் காயவைத்துக் கொழும்புத் தரகருக்கு அனுப்பினர். விலையை அங்கே இருந்தவர் சொன்னார். இங்கே இருந்தவர் கடிதத்துக்காகக் காத்திருந்தார். அந்த ஏமாற்றுக் கணக்குகளின் உலகம்தான் தோப்பில் முஹம்மது மீரானின் ‘துறைமுகம்’ நாவலின் களம். 1944இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த மீரான் மலையாளத்தில் படித்தவர். மலையாள எழுத்தில் எழுதித் தமிழில் படியெடுக்கச் செய்தவர். 1988இல் வந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, 1997இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’ ஆகியவற்றில் இந்தக் கரையின் முஸ்லிம் சமூகம் முதன்முறையாகத் தன் பேச்சிலேயே தமிழ் இலக்கியத்துக்கு வந்தது. திருநெல்வேலியில் வற்றல் வணிகராக வாழ்ந்த அவர் 2019 மே 10 அன்று மறைந்தார்.

மீனவரின் கதை இதற்குத் தலைகீழ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய கடல் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான். கட்டுமரம், குடைந்த வள்ளம், கரைமடி, தூண்டில் ஆகியவையே தொழில் கருவிகள். கடலடிப் பாறை மேடுகளில்தான் பெரிய மீன் நிற்கும். அந்த மேட்டை நீருக்கு மேலிருந்து கண்டுபிடிக்கக் கரையைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு மலை உச்சியும் கரையிலுள்ள கோபுரமோ தனித்த தென்னையோ ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். பக்கவாட்டில் இன்னொரு சோடி அதேபோல் சேரவேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் மேடு இருக்கும். இதற்குக் கணியம் என்று பெயர். தந்தை மகனுக்கு மட்டும் சொல்லும் சொத்து அது. கரை மறைந்தபின் நீவாடு எனப்படும் நீரோட்டத்தின் போக்கும், இரவில் வெள்ளிகளும் வழிகாட்டின. விண்மீனைக் கரையில் வெள்ளி என்றே சொல்வார்கள்.

சுறா இந்தக் கணக்கை மாற்றியது. சுறாவைத் துரத்துபவன் ஆழத்துக்குப் போயாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது நின்றபோது சுறா ஈரல் எண்ணெய்க்குத் தேவை எழுந்தது. மதராஸ், திருவிதாங்கூர் அரசுகள் அதைக் காய்ச்ச ஆலைகள் தொடங்கின. பிறகு பீலிக்குக் கிழக்காசியச் சந்தையும், உப்பிட்ட இறைச்சிக்குக் கேரளச் சந்தையும் நிலைத்தன. 1953இல் கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய நார்வே திட்டம் இயந்திரப் படகைக் கொண்டுவந்தது. கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியில் முட்டத்தில் படகுத் தளம் உருவாகி, பியர் ஜில்லே என்ற பொறியாளரின் வழிகாட்டலில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன. 1980களில் வெளிப்பொருத்து இயந்திரங்கள் பரவின.

தூத்தூர்க் கரையார் பாய்மரத்திலிருந்து இயந்திரத்துக்கு மாறிய வேகம் மீன்வளத் துறையினரையே வியக்க வைத்தது. இழுவலைக்குப் போகாமல், பல தூண்டில்களைத் தொங்கவிட்ட நீளக் கயிற்றோடு அவர்கள் சுறாவையும் சூரையையும் தேடினர். ஒருநாள் தொழில் வாரத் தொழிலாகி, பின்னர் 30, 40 நாள் தங்கல் தொழிலாயிற்று. பனிக்கட்டி நிரப்பிய அறை, பத்துப் பன்னிரண்டு பேர், பங்கு முறையில் வருமானம், 1990களிலிருந்து ஜிபிஎஸ். இலட்சத்தீவு, குஜராத், ஓமன் கடல் என்று எல்லை விரிந்தது. கணியத்தால் ஐந்தாறு மேடுகளை அறிந்தவரின் பேரன் அரபிக்கடலின் மேடுகளை எண்களாகக் குறித்து வைத்திருக்கிறான். தெற்கே 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சாகோஸ் தீவுக் கடலிலும் இவர்களுடைய படகுகள் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல்களிடம் பிடிபட்டிருக்கின்றன. 2010இல் அக்கடல் முழுவதும் மீன்பிடித் தடைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

நாட்டுச் சட்டமும் குறுக்கே வந்தது. 2001 ஜூலையில் நடுவண் அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. தூத்தூர் உள்ளிட்ட கரைகளின் எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு டிசம்பரில் பத்து இனங்களோடு பட்டியல் நின்றது. 2015இல் பீலி ஏற்றுமதி முற்றிலும் தடையானது. சுறாக்கள் மெல்ல வளர்ந்து சில குட்டிகளே ஈனும் உயிர்கள் என்பதால் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் கடலுக்குப் போகிறவரைக் கேட்காமல் எழுதிய முதல் பட்டியல் ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை.

ஆழ்கடலில் இவர்களுக்கு நேர்ந்த இழப்புகள் தனி அத்தியாயம். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளத்துக்கு அப்பால், இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்த கடற்படை வீரர்கள் கடற்கொள்ளையர் என்று கருதிச் சுட்டதில் செயின்ட் ஆன்டனி படகின் இரு மீனவர்கள் இறந்தனர். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். ஒன்பதாண்டு வழக்குக்குப் பின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு வழக்கை முடித்துவைத்தது. 2018 ஆகஸ்டில் முனம்பம் அருகே கப்பல் மோதி நொறுங்கிய படகில் இறந்தவர்களில் பலர் இராமன்துறையைச் சேர்ந்தவர்கள்.

இவற்றுக்கு நடுவே 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தது. இலங்கையின் தென்கிழக்கே உருவான தாழ்வு மண்டலம் ஓரிரவில் புயலாக வலுத்துக் குமரி முனையைச் சுற்றி அரபிக்கடலுக்குள் நுழைந்தது. எச்சரிக்கை வெளியானபோது தூத்தூர்ப் படகுகள் பல வாரக்கணக்காகக் கடலில் இருந்தன. அவற்றிலிருந்த விஎச்எஃப் வானொலிக் கருவிகள் கரையின் குரலைக் கேட்கும் தூரத்தைப் படகுகள் எப்போதோ தாண்டியிருந்தன. தப்பியவை இலட்சத்தீவிலும், கர்நாடகத்திலும், மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டிலும் கரை ஒதுங்கின. தப்பாதவர்களின் எண்ணிக்கையில் அரசுக்கும் ஊர்களுக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் போன்ற ஊர்களில் உடல் கிடைக்காமலேயே அடக்கச் சடங்கு நடத்திய வீடுகள் ஏராளம். அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவிகள் ஆழ்கடல் படகுகளுக்கு வரத் தொடங்கின.

வணிகர்களின் பேரப்பிள்ளைகளும் கடைசியில் மேற்கே திரும்பினார்கள். 1960களில் மலபார்க் கரையிலிருந்து லாஞ்சுகளில் ஏறி அரேபியாவின் கோர்ஃபக்கான் கரையில் இருட்டில் இறங்கியவர்களின் காலம் ஒன்று. அப்போது வளைகுடாவின் பல பகுதிகளில் 1966 வரை இந்தியாவில் அச்சிட்ட வளைகுடா ரூபாயே செல்லுபடியானது. 1973 எண்ணெய் விலை உயர்வுக்குப் பின் விசாவும் விமானமும் வந்தன. மீனவர்களும் சும்மா இருக்கவில்லை. ஈரான், பஹ்ரைன், சவூதி முதலாளிகளின் படகுகளில் ஒப்பந்தத்தில் போகிறார்கள். 2020இல் கொரோனா முடக்கத்தில் ஈரானில் சிக்கிய 687 பேரை ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து ஏற்றி ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறக்கியது. அவர்களில் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் ஏராளம்.

1956 நவம்பர் 1 அன்று இந்தக் கரை திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆட்சி எல்லை அன்று மாறியது. மற்ற எல்லைகள் அப்படியே இருக்கின்றன. தூத்தூர் வட்டாரத் தேவாலயங்கள் இன்றும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டின் பிற கரைகளில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை மீன்பிடித் தடை என்றால், இங்கே கேரளத்தைப் போல ஜூன், ஜூலை. தேங்காய்ப்பட்டணப் பொழிமுகத்தில் பெரும் செலவில் மீன்பிடித் துறைமுகம் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அலை எழும்பி, நுழையும் படகுகள் கவிழ்ந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அலைத்தடுப்புச் சுவரை நீட்டிச் சரிசெய்யக் கோரிப் போராட்டங்கள் நடந்திருக்கின்றன. தூத்தூர் ஆழ்கடல் படகுகளில் பெரும்பாலானவை தங்கள் சுறாவையும் சூரையையும் இப்போதும் கொச்சித் தோப்பும்படியில்தான் இறக்குகின்றன.